முதல் தோசை ராணிக்கு

"ஒரு நாய்க்குப் போய் யாராவது இப்படிக் கண்ணைக் கசக்குவாங்களா? நாலு பேர் பார்த்தா சிரிக்கப் போறாங்க!"

எங்கள் ராணி போன மறுநாள் காலையில், பால் வாங்க வாசலுக்கு வந்த என்னைப் பார்த்து அடுத்த வீட்டு அக்கா சொன்னது இது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார்கள். நானும் சட்டென்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லைக்கா, வெங்காயம் நறுக்கினேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அன்று ஆரம்பித்தது. அடுத்த பத்து நாட்கள் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பொய் சொல்லிக்கொண்டிருந்தோம். அதில் நான் சொன்ன இன்னொரு பொய் என் நாலரை வயதுப் பெண்ணை எந்த அளவுக்கு ஆட்டி வைத்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குத் திருச்சி. என் கணவர் பள்ளியில் தமிழாசிரியர். வீடு சின்னதுதான் என்றாலும் கொல்லைப்புறம் உண்டு. ஏழரை வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழையில், அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகன் நனைந்து வந்து நின்றான். புத்தகப் பையிலிருந்து முனகல் சத்தம். திறந்து பார்த்தால், செங்கல் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டி!

"பொட்டை நாயா? வருஷத்துக்கு ரெண்டு தடவை தெரு நாயெல்லாம் வாசல்ல வந்து நிக்கும். கொண்டுபோய் விட்டுட்டு வா!" என்றார்கள் என் மாமியார். "மழை விட்டதும் விட்டுடறேன் அப்பாயி" என்றான் அவன். அந்த மழை விடவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

ராணி ஒன்றும் பெரிய சாதி நாய் இல்லை. சாதாரண நாட்டு நாய். ஆனால் எங்கள் வீட்டு நடைமுறை அத்தனையும் அதற்குத் தெரியும். அத்தை பூஜை முடித்துக் கற்பூரம் காட்டுகிறவரை சமையலறைப் படியைத் தாண்டாது. பாப்பா பிறந்து தூளியில் கிடந்தபோது, தூளிக்குக் கீழேயே படுத்திருக்கும். குழந்தை சிணுங்கினால், நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாலும் ஓடி வந்து என் சேலையைப் பிடித்து இழுக்கும். வீட்டுக்காரர் தெருமுனை திரும்பும்போதே வண்டிச் சத்தம் கேட்டு எழுந்து நிற்கும்.

தோசைக் கல்லில் முதல் தோசை ஒழுங்காக வராது என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். அந்த முதல் தோசை ராணிக்கு. கல் காய்ந்து 'சொய்ங்' என்று சத்தம் கேட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு பின்வாசலில் வந்து உட்காரும். "கழுதை, உனக்கு எண்ணெய் வேற கேக்குதா?" என்று திட்டிக்கொண்டே ஒரு சொட்டு எண்ணெய் விடுவதும் என் மாமியார்தான்.

அப்படிப்பட்ட நாயை என் அசட்டையால் இழந்தேன்.

வருஷா வருஷம் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குத் தவறாமல் அழைத்துப் போவோம். போகும்போதெல்லாம் கால்நடை டாக்டரம்மா சொல்வார்கள்: "குட்டி வேண்டாம்னா கருத்தடை ஆபரேஷன் பண்ணிடுங்க. வயசாக வயசாகக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கிற வியாதி வரும்." நானும் தலையாட்டிவிட்டு வருவேன். வீட்டில் அத்தை, "அதுவும் ஒரு பொம்பளை ஜென்மந்தானே? ஒரு ஈத்துக்கூடப் போடாம வயித்தை அறுக்கிறதா, பாவம்!" என்பார்கள். எனக்கும் அந்தச் செலவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போட அது ஒரு சாக்கு. இப்படியே ஏழு வருஷம் ஓடியது.

போன பங்குனியில் ராணி பருவத்துக்கு வந்து போயிற்று. வைகாசி பிறந்ததும் என் நாத்தனார் பையனுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டும். எங்கள் சீர்தான் பிரதானம். வெற்றிலை பாக்கிலிருந்து வெள்ளி அரைஞாண்வரை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் ராணி தொட்டித் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் காலி செய்தது. அடிக்கடி சிறுநீர் கழித்தது. 'அக்கினி நட்சத்திர வெயில், நாய்க்கும் தாகம் எடுக்காதா' என்று நினைத்தேன். ஒருநாள் முதல் தோசையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. "அம்மா, ராணி சாப்பிடலை" என்று மகன் சொன்னான். "காதுகுத்து முடியட்டும், காட்டலாம்" என்றேன்.

விசேஷம் முடிந்து திரும்பி வந்தபோது ராணியால் எழுந்து நிற்க முடியவில்லை. மஞ்சளாக வாந்தி எடுத்திருந்தது. வயிறு லேசாக உப்பியிருந்தது. அப்போதும் எங்களைப் பார்த்து வாலை மட்டும் ஒருமுறை தரையில் தட்டியது.

பாப்பாவை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு நானும் மகனும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டதுமே கேட்ட கேள்வி, "எப்போ பருவத்துக்கு வந்துச்சு?" என்பதுதான். ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். கர்ப்பப்பை முழுவதும் சீழ். அது வெளியே வர வழியில்லாமல் அடைத்துக்கொண்டு, விஷம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் பாதித்துவிட்டதாம். "ஆபரேஷன் பண்ணிக் கர்ப்பப்பையை எடுக்கணும். ஆனா இப்போ இருக்கிற நிலைமையில் மயக்க மருந்தைத் தாங்காது. ராத்திரி முழுக்க சலைன் ஏத்திப் பார்ப்போம். தேறிச்சுன்னா காலையில் பண்ணிடலாம்" என்றார்கள்.

தேறவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு, என் மகன் தலையைத் தடவிக்கொண்டிருந்தபோதே, ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான்.

விடிவதற்குள் கொண்டு வந்து கொல்லையில் நந்தியாவட்டைச் செடி ஓரமாக, இடுப்பளவு ஆழத்துக்குக் குழி வெட்டினார் என் கணவர். மேலாக வெட்டினால் வேறு நாய்கள் வந்து தோண்டிவிடும் அல்லவா? சுற்றுவதற்குப் பழைய துணி தேடிக்கொண்டிருந்தேன். என் மாமியார் உள்ளே போய்த் தன் சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார்கள். கிழிசல் இல்லாத சேலை. யாரும் எதுவும் பேசவில்லை.

பாப்பா எழுந்து வந்ததும் கேட்டாள், "ராணி எங்கம்மா?"

எனக்குத் தொண்டையை அடைத்தது. இந்தப் பிஞ்சிடம் சாவைப் பற்றி என்னத்தைச் சொல்வது? "ராணிக்கு உடம்பு சரியில்லடா கண்ணு. டாக்டர்கிட்ட விட்டிருக்கோம். சரியானதும் வந்துடும்" என்றேன். ரொம்பச் சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டதாக நினைப்பு!

அன்றிலிருந்து பாப்பா தினமும் சாயங்காலம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிஸ்கட்டில் பாதியைப் பாவாடையில் முடிந்து வைத்துக்கொள்வாள். "இன்னிக்கு வருமா? நாளைக்கு வருமா?" நானும் "வரும், வரும்" என்பேன்.

மற்றவர்களும் என்னைப்போலத்தான் நடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை ராத்திரிச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, "வாயுத் தொந்தரவு" என்றார்கள். என் கணவர் முன்பெல்லாம் வாசலிலேயே "ராணி!" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவார். இப்போது கேட்டைத் திறக்கும்போது வெறுமனே இருமிவிட்டு வந்தார். மகன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஆனால் படுக்கையைத் தட்டிப் போடும்போது பார்த்தேன், தலையணைக்கு அடியில் ராணியின் சங்கிலி. நானோ தினம் காலையில் முதல் தோசையை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, பிறகு சுதாரித்துக்கொண்டு, ஒருவருக்கும் தெரியாமல் நானே தின்றேன்.

ஒன்பதாம் நாள் பாப்பாவுக்குக் காய்ச்சல் அடித்தது. தொண்டையில் சதை வீங்கியிருந்தது. "வாடா, டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாம்" என்று தூக்கப் போனேன். குழந்தை ஒரு அலறல் அலறினாள் பாருங்கள்! கதவு நிலையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். உடம்பெல்லாம் நடுங்குகிறது.

"வேணாம்மா! நான் வரமாட்டேன்! டாக்டர்கிட்ட போனா திரும்பி விடமாட்டாங்க! ராணிய விடவே இல்லைல்ல! நான் சமத்தா இருக்கேம்மா, என்னையக் கொண்டுபோய் விட்டுடாதம்மா!"

எனக்குச் சம்மட்டியால் மண்டையில் அடித்தது போல இருந்தது. ஒன்பது நாளாக அந்தச் சின்ன மனசு என்ன கணக்கெல்லாம் போட்டிருக்கிறது! உடம்பு சரியில்லை என்றால் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், டாக்டரிடம் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள், அம்மாவே விட்டுவிடுவாள்!

நிலைப்படியிலேயே உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "பாப்பா, அம்மா உன்கிட்ட பொய் சொல்லிட்டேண்டா. ராணி டாக்டர்கிட்ட இல்லை. ராணி செத்துப் போச்சு" என்றேன். 'செத்துப் போச்சு' என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அப்போதுதான். அதுவரை பெரியவர்களிடம்கூட 'போயிடுச்சு' என்றுதான் சொல்லியிருந்தேன்.

"செத்துப் போச்சுன்னா?"

"அது இனிமே மூச்சு விடாது, ஓடாது, திரும்பி வராது. அதுக்கு வலிக்கவும் வலிக்காது. நந்தியாவட்டைகிட்ட மண்ணுக்குள்ள வச்சிருக்கோம்."

"அங்க பசிக்காதா?"

"பசிக்காது."

"குளிராதா?"

"குளிராதுடா. அப்பாயி சேலையைச் சுத்தித்தான் வச்சோம்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, காதோடு காதாகக் கேட்டாள்: "நான் அது வாலை மிதிச்சேனே, அதனாலயா?"

ஐயோ! அந்தப் பாரத்தையும் இத்தனை நாள் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். "இல்லவே இல்லை. வயித்துக்குள்ள வந்த வியாதியால. அதை அம்மா லேட்டாக் கவனிச்சேன். உன் காய்ச்சலை முதல் நாளே கவனிச்சுட்டேன் பாரு. டாக்டர் மருந்து குடுப்பாங்க. அம்மா உன் பக்கத்துலயே இருப்பேன். ரெண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்கு வந்துடுவோம்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். இந்த முறை முந்தானையால் மறைக்கவில்லை. பின்னால் விசும்பல் கேட்டுத் திரும்பினால், என் மகன்! பதினைந்து வயதுப் பிள்ளை சுவரில் சாய்ந்துகொண்டு தேம்பித் தேம்பி அழுகிறான். "நான் சொன்னேன்லம்மா, ராணி சாப்பிடலைன்னு சொன்னேன்ல" என்றான். "சொன்னேப்பா. நான்தான் கேக்கலை. தப்பு என் பேர்லதான்" என்றேன். அதைக் கேட்டபிறகுதான் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் வந்தாள். திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பாவாடை முடிச்சிலிருந்த பிஸ்கட் தூளை நந்தியாவட்டை அடியில் போட்டாள்.

சகோதரிகளே, பிறகு எங்கள் குடும்ப டாக்டர் விளக்கமாகச் சொன்னார். செத்தவர்கள் திரும்ப மாட்டார்கள் என்பதையே நாலைந்து வயதுக் குழந்தைகள் முழுசாகப் புரிந்துகொள்ள மாட்டார்களாம். அதனால் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அலுக்காமல் அதே பதிலைச் சொல்ல வேண்டுமாம். 'தூங்குது' என்று சொன்னால் குழந்தை தூங்கப் பயப்படும். 'ஊருக்குப் போயிருக்கு' என்றால், சொல்லாமல் போய்விட்டதே என்று ஏங்கும். நான் சொன்ன 'டாக்டர்கிட்ட இருக்கு' என்ன செய்தது என்பதைத்தான் பார்த்தீர்களே. குழந்தைக்குப் புரிகிற எளிய வார்த்தையில் உண்மையைச் சொல்வதுதான் நல்லது. 'உன்னால் இல்லை' என்பதையும் அது கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

அன்று ராத்திரி வெகுநாள் கழித்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ராணி செய்த குறும்பெல்லாம் பேச்சில் வந்தது. முறுக்குத் தூக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு வீடு பூரா ஓடியதைச் சொல்லி அத்தை சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு தயங்கித் தயங்கி மகனிடம் கேட்டார்கள்: "ஏன்யா, பதினாறாம் நாள் அந்தச் செடிகிட்ட ஒரு அகல் விளக்கு வச்சாத் தப்பா? நாய்க்கு விளக்கான்னு ஊரு சிரிக்குமோ?"

என் கணவர் அதிகம் பேசாதவர். கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்: "தப்பே இல்லைம்மா. திருவண்ணாமலை மாவட்டத்துல எடுத்தனூர்னு ஒரு ஊர். அங்க ஒரு நடுகல் இருக்கு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்லு, 7-ஆம் நூற்றாண்டு. மாட்டு மந்தையைக் காப்பாத்தப் போராடிச் செத்த ஒரு வீரனுக்கு வச்சது. அவன் பக்கத்துல அவனோட நாயையும் செதுக்கியிருக்காங்க. அது பேரு கோவிவன். ரெண்டு கள்ளனைக் கடிச்சு, காத்து நின்னுச்சுன்னு எழுத்தே வெட்டியிருக்கு. 1,300 வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த நாயோட பேரு இன்னும் நிக்குது. நாம ஒரு விளக்கு வைக்கக் கூடாதா?"

அத்தை முகத்தில் ஒரு தெளிவு. "அதானே! தருமரே சொர்க்க வாசல்ல நின்னுக்கிட்டு, கூட வந்த நாயை விட்டுட்டு வரமாட்டேன்னுதானே சொன்னாரு" என்றவர்கள், பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு அந்தக் கதையை ஆரம்பித்தார்கள். பதினாறாம் நாள் பாப்பா கையாலேயே விளக்கு ஏற்றினோம். அடுத்த வீட்டு அக்கா மதில் மேலாக எட்டிப் பார்த்தார்கள். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "எங்க வீட்டுல முன்னாடி ஒரு பசு இருந்துச்சு..." என்று ஆரம்பித்தார்கள். அவர்கள் குரலும் உடைந்துவிட்டது! பேசி முடிக்க அரை மணி ஆயிற்று.

என் மனதிலுள்ள குற்ற உணர்ச்சி மட்டும் விளக்கோடு போய்விடவில்லை. ராணியின் தடுப்பூசிச் சீட்டை வாங்கி வைக்க டாக்டரம்மாவிடம் போனபோது, "நான்தான் கொன்னுட்டேன்" என்று அழுதுவிட்டேன். அவர்கள் சமாதானம் சொல்லி மழுப்பவில்லை. "சீக்கிரம் வந்திருந்தா பிழைச்சிருக்க வாய்ப்பு அதிகம், உண்மைதான். ஆனா உங்களுக்குத் தெரிஞ்சே செய்யலையே. இப்போ தெரிஞ்சதை நாலு பேருக்குச் சொல்லுங்க" என்றார்கள். அதனால் சொல்கிறேன்.

பெண் நாய் வளர்ப்பவர்கள், குட்டி வேண்டாம் என்றால் டாக்டரைக் கேட்டு உரிய வயதில் கருத்தடை செய்துவிடுங்கள். ஒரு ஈத்துப் போட்டால்தான் நாய்க்கு ஆரோக்கியம் என்பது வெறும் நம்பிக்கை. செய்யாத நாய், அதிலும் நடுவயது தாண்டிய நாய், பருவம் வந்து போன ஓரிரு மாதத்துக்குள் வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் குடித்தால், சோர்ந்து படுத்தால், சாப்பாட்டை ஒதுக்கினால், பின்புறம் சீழோ ரத்தமோ கசிந்தால், அன்றைக்கே கொண்டு போங்கள். கசிவு இல்லையே என்று அசட்டையாக இருக்காதீர்கள். உள்ளேயே அடைத்துக்கொள்வதுதான் இன்னும் ஆபத்து. "விசேஷம் முடியட்டும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

"உடனே இன்னொரு குட்டி வாங்கிடுங்க, மறந்துடும்" என்று பலர் சொன்னார்கள். நாங்கள் வாங்கவில்லை. ராணி இடத்தை அவசரமாக நிரப்ப யாருக்கும் மனசில்லை. ஆனால் ஆடி மாதத்தில், எங்கள் தெருமுனையில் திரிகிற கறுப்பு நாய் ஒன்று, தோசைக் கல் சத்தம் கேட்டுப் பின்வாசல் பக்கம் வந்து நின்றது. பொட்டை நாய்தான். அத்தை அதை ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, "அந்த முதல் தோசை என்னாச்சு?" என்றார்கள்.

எடுத்துப் போட்டேன். ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொன்னதும் அவர்கள்தான். "ஏய், நாளைக்கு லீவுதானே? முதல்ல இதைத் தூக்கிக்கிட்டுப் போய் அந்த ஊசியும் ஆபரேஷனும் பண்ணிக்கிட்டு வா" என்று பேரனைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள்.

பாப்பா ஓடி வந்து, "டாக்டர்கிட்டயா?" என்றாள். "ஆமா" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானும் கூடப் போறேன். நான் பக்கத்துலயே இருந்தா அது பயப்படாது" என்றாள்.